தட்டைப் பக்கம்

12-8-1999, வியாழன். இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். ரஹ்மத்துல்லா மாமாவின் சவரக்கத்தியைத் தீட்டும்போது அதன் முதுகில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தேன். அடுத்தவர் பொருள், கீறல் விழக்கூடாது என்று நினைத்துச் செய்தது. ஒரு பக்கம் ஒழுங்காக வந்தது. மறுபக்கத்தில் மட்டும் விளிம்பை ஒட்டி, முன்பு இல்லாத வெள்ளைக் கோடு ஒன்று விழுந்திருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. சரிசெய்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

கடைசி இரண்டு வார்த்தைகளை ஜாவித் அடித்துவிட்டு 'சரிசெய்துவிடலாம்' என்று மட்டும் விட்டுப் பார்த்தான். அது பொய் போல இருந்தது. மறுபடியும் 'என்று நினைக்கிறேன்' என்று சேர்த்துவிட்டு நோட்டை மூடினான்.

பகலில் அவனுக்குச் செங்கல்பட்டு பஜாரில் தையல் மெஷின் கடையில் வேலை. மெஷின்களுக்கு எண்ணெய் விடுவது, பெல்ட் மாற்றுவது, தையல்காரர்களின் கத்தரிகளுக்குச் சாணை பிடிப்பது. மாலையில் ஃபிட்டர் வகுப்பு. அன்றன்று என்ன வேலை செய்தோம், எதில் பிசகினோம் என்று எழுதிவர வேண்டும் என்பது வகுப்பு விதி. மற்றவர்கள் சனிக்கிழமை டீ குடித்துக்கொண்டே ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒரு வாரத்துக்கும் சேர்த்து எழுதிவிடுவார்கள். இவன் ஒருவன்தான் தினமும் எழுதினான். எழுத எழுத, வகுப்புக்குச் சம்பந்தமில்லாத வீட்டு விஷயங்களும் உள்ளே வந்துவிட்டன. தான் செய்தது சரியா என்கிற சந்தேகம் பல் துலக்குவதில்கூட அவனுக்கு உண்டு. எழுதிவிட்டால் அந்தச் சந்தேகம் கொஞ்சநேரம் சும்மா கிடக்கும்.

கத்தி வீட்டுக்கு வந்தது செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின நாள்தான் அவன் அக்கா அர்வாவுக்குப் பையன் பிறந்திருந்தான். மாமல்லபுரத்திலிருந்து அவளுடைய மாமனார் ரஹ்மத்துல்லா பஸ் பிடித்து வந்தார். குழந்தையின் உதட்டில் தேன் தொட்டு வைத்தார், காதில் பாங்கு சொன்னார். பிறகு ஜிப்பாவின் உள்பையிலிருந்து பச்சை வெல்வெட் துணியில் சுருட்டிய ஒன்றை எடுத்து ஜாவித்தின் கையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அகீகா. ஏழாம் நாள் பிள்ளைக்கு முடி இறக்கி, பெயர் வைத்து, ஆடு அறுத்துச் சோறு போடுகிற நாள். அவர்கள் குடும்பத்தில் பிள்ளைகளின் முதல் முடியைக் கடைக்காரன் கையில் கொடுப்பதில்லை. வீட்டுப் பெரியவர்தான் எடுப்பார், அதுவும் இந்தக் கத்தியால்தான். அவருடைய தகப்பனார் கப்பலில் சமையல் வேலை பார்த்தவராம். ரங்கூனில் ஏதோ ஒரு வெள்ளைக்காரன் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது இதை வாங்கினாராம். அவர் எடுத்த முடி, பிறகு இவர் எடுத்த முடி என்று அந்த வீட்டில் இந்தக் கத்தி படாத தலை கிடையாது.

"நல்லா தீட்டி வை. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க, எழுத்து மேல இருக்கணும். எங்க அத்தா சொல்லுவாரு, எழுத்து எப்பவும் மேல" என்றார்.

கத்தியின் அடிப்பட்டையில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. தேய்ந்துபோய் இரண்டு மட்டும் மிச்சம். எழுதிய காகிதம் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு அது. அவர் சொன்னதையும் ஜாவித் அந்த வகையில்தான் எடுத்துக்கொண்டான். எழுத்துக்குச் செய்யும் மரியாதை, வேறென்ன.

ஆனால் கத்தி ஒரு தினுசாக இருந்தது. சலூனில் பார்க்கிற மடக்குக் கத்திகளை விட அகலம், கனமும் அதிகம். முதுகு அவன் சுண்டுவிரல் தடிமன் இருக்கும். கருப்புக் கொம்புக் கைப்பிடி, பித்தளை ஆணி. எழுத்துள்ள பக்கம் மற்றக் கத்திகளைப் போலவே நடுவில் குழிந்திருந்தது. மறுபக்கத்தில் குழிவே இல்லை. கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரே தட்டை. பாதி தேய்ந்துவிட்டதோ, எவனாவது முன்பு தப்பாகச் சாணை பிடித்துவிட்டானோ என்று அவன் யோசித்தான். விளிம்பில் மார்க்கர் பேனாவால் மை பூசி, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து, மை எங்கே அழிகிறது எங்கே நிற்கிறது என்று பார்த்து வேலை செய்வது அவன் முறை. கல் தொடும் இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எல்லாம் முறைப்படிதான் செய்தான். முதுகில் டேப் சுற்றியதும் முறைப்படிதான். தட்டைப் பக்கத்தில் மட்டும் மை விளிம்பை ஒட்டி நூல் போல அழிந்தது, மற்ற இடமெல்லாம் கருப்பாகவே நின்றது. அந்த நூல்தான் வெள்ளைக் கோடு.

வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு இடைவேளையில் தேவசகாயத்திடம் காட்டினான். தேவசகாயம் பகலில் ஒரு காலேஜ் லேபில் அட்டெண்டர், மாலையில் இவன் பக்கத்து வைஸில் இரும்பு ராவுகிறவன். எதையும் சிரிப்பாகவே பேசுவான். வெல்வெட் துணியைப் பிரித்துப் பார்த்ததும் டீ கிளாஸை ஜன்னல் கட்டையில் வைத்தான்.

"இத்த எங்கடா புட்ச?"

சம்பந்தி வீட்டுச் சவரக்கத்தி என்று ஜாவித் சொன்னான்.

"சவரமா? மச்சான், இது சவரக்கத்தியே இல்ல. எங்க லேப்ல பழைய பெட்டில ஒண்ணு தூங்கினு கீது. செக்‌ஷன் கத்தி. மெஷின் வர்றதுக்கு மின்ன, மெழுகுல சதைய வெச்சி இத்தாலதான் சீவுவாங்களாம். வெங்காயத் தோலு கணக்கா. அத்த கண்ணாடில ஒட்டி மைக்ராஸ்கோப்புல பாக்கறது."

"யாரோட சதை?"

"கேக்கறான் பாரு. எழுந்து வந்து என்னுதுன்னு சொல்லாத ஆளுங்களோடது."

ஜாவித்துக்குச் சிரிப்பு வரவில்லை. தேவசகாயம் கத்தியைத் தன் உள்ளங்கையில் படுக்கவைத்துக் காட்டினான். தட்டைப் பக்கம் கீழே. அப்படியே படுத்தவாக்கில் வழித்துக்கொண்டு போக வேண்டும், கத்தியின் கனமே போதும், அமுக்கக்கூடாது, முதுகைத் தூக்கவே கூடாது என்று அவன் லேபில் கேள்விப்பட்டதைச் சொன்னான். தூக்கினால் இறங்கிவிடும். அதற்கென்றே அடித்த கத்தி அது. பிறகு விளக்குக்கு நேரே திருப்பினான்.

"இது இன்னா கோடு?"

"நான்தான். டேப் சுத்தித் தீட்டிட்டேன்."

"பேஜாரு பண்ணிட்டியே" என்று மட்டும் சொல்லிவிட்டு, துணியைச் சுற்றித் திருப்பிக் கொடுத்தான். அதன்பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அன்று மிச்ச வகுப்பில் ஜாவித்தின் அரம் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. எழுத்து மேலே இருக்க வேண்டும். எழுத்து மேலே இருந்தால் தட்டைப் பக்கம் தோலின்மேல் படுக்கும். கப்பல் சமையல்காரருக்குக் கத்தியின் பெயர் தெரிந்திருக்காது, ஆனால் இப்படிப் பிடித்தால் வெட்டாது என்பதை எத்தனையோ முறை கீறிப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார். அதை மகனுக்கு நாலு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனார். இவன் அதை மரியாதை என்று எண்ணிக்கொண்டு, டேப் சுற்றி முதுகைத் தூக்கி, தட்டைப் பக்கத்தில் ஒரு சாய்வை உண்டாக்கிவிட்டான். இனி கத்தியைத் தலையில் படுக்கவைத்தால் விளிம்பு தோலைத் தொடாது, மயிரிழை உயரத்தில் மிதக்கும். முடி வராது. என்னடா இது என்று மாமா முதுகைக் கொஞ்சம் தூக்குவார். அந்தக் கொஞ்சத்தில் கத்தி தனக்குத் தெரிந்த வேலையைச் செய்யும். அடியில் இருப்பது பிறந்து ஏழு நாளான தலை. நேற்று நோட்டில் இதைத்தான் 'சிறிய தவறு' என்று எழுதியிருந்தான்.

சனிக்கிழமை கடைக்கு லீவு சொன்னான். ஷோகேஸிலிருந்து கழற்றிப் போட்ட தடித்த கண்ணாடி ஒன்று வீட்டின் பின்பக்கம் கிடந்தது. அதைக் கழுவி, துவைக்கிற கல்லின்மேல் வைத்து, மெல்லிய சாணைக் குழம்பைத் தடவினான். டேப் இல்லை, எதுவும் இல்லை. தட்டைப் பக்கத்தை முழுதாகப் படுக்கவைத்து, ஒரு விரல் அழுத்தத்துக்கு மேல் போகாமல் தள்ளினான், இழுத்தான். மை பூசினான், பார்த்தான், மறுபடி பூசினான். அடுப்படியில் அவன் அம்மா ஷஹர்பானு நாளைய சமையலுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்களோடு கிலோக்கணக்கில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தோல் காற்றில் பறந்துவந்து கண்ணாடியில் ஒட்டியபோது ஜாவித் அதை விரலால் தொடாமல் ஊதித் தள்ளினான். கோடு மெலிந்தது. நூலிலிருந்து இழையாகி, இழையிலிருந்து ஒரு மினுமினுப்பாகி, வெயில் தலைக்கு மேலே வந்தபோது இல்லாமலே போனது. தோல்வாரில் நிதானமாக இழுத்து முடித்துவிட்டு, படுத்தவாக்கில் முன்னங்கையில் வைத்தான். தொட்டதாகவே தெரியவில்லை. முடி மட்டும் உதிர்ந்து கிடந்தது, அந்த இடம் குழந்தையின் தோல் மாதிரி வழவழவென்று இருந்தது.

அவன் வாழ்நாளில் இவ்வளவு நன்றாக எதையும் தீட்டியதில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. அதற்குப் பதிலாக தேவசகாயம் சொன்ன சதைதான் நினைவுக்கு வந்தது. கத்தியை வெந்நீரில் போட்டான், டெட்டால் ஊற்றினான், எடுத்தான், மறுபடி போட்டான். இது எதற்குச் செய்த கத்தி என்று மாமாவிடம் சொல்ல வேண்டுமா? அந்த வீட்டில் எத்தனை தலைகளைத் தொட்டிருக்கிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. சொன்னால் அத்தனை பேருடைய தலையிலும் இப்போது போய்க் கைவைத்த மாதிரி ஆகிவிடாதா? அதைச் சொல்லப்போவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டான். டேப் விஷயத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும். அகீகாவுக்கு முதல்நாள் கத்தியைத் தான் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மாமா ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் மடியில் வெல்வெட் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பள்ளிப் பிள்ளைகள் காகிதக் கொடிகளோடு ஏறி இறங்கினார்கள். பஸ் குலுங்கும்போதெல்லாம் கைப்பிடியிலிருந்து கத்தி பிரிந்துவிடுமோ என்று துணியைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

ரஹ்மத்துல்லாவின் கடை கடற்கரைக்குப் போகிற தெருவில் இருந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கான பைஜாமா, சட்டை, யானை போட்ட துணிப்பைகள். சீசன் இல்லாத ஆகஸ்ட் மாதம். தெருவில் ஆள் இல்லை, எதிரே சிற்பக் கூடத்தில் உளிச் சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அவர் வெள்ளைத் துணி விரித்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வழக்கம்போலத் தெருமுனைவரை கேட்கிற குரலில் பேசத் தொடங்கிவிட்டார். ஆடு வந்துவிட்டது, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சொல்லியாகிவிட்டது, ரியாத்திலிருந்து மகன் போன் பண்ணினான், லீவு கிடைக்கவில்லை என்று அழுதான், பைத்தியக்காரன், நான் இருக்கும்போது அவனுக்கென்ன கவலை. ஜாவித் டேப்பைப் பற்றிச் சொல்ல இரண்டு முறை வாய் திறந்தான். இரண்டு முறையும் அவர் கையை நீட்டி, கத்தியைக் கொடு என்பதுபோல விரல்களை மடக்கினார்.

கொடுத்தான். அவர் திறந்து, எழுத்தைப் பார்த்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, விளிம்பைக் கட்டைவிரலில் வைத்தார். குறுக்கே தடவிப் பார்க்கிறவர்களை ஜாவித் நிறையப் பார்த்திருக்கிறான். இவர் நெடுக்கே இழுத்தார். ஒரு தடவை. புருவத்தைச் சுருக்கினார். இன்னொரு தடவை.

"புடிக்கலியே" என்றார். "கல்லாட்டம் கீது. நீ தீட்டினியா, சும்மா எடுத்துனு வந்தியா?"

அவருடைய கட்டைவிரல் இரண்டு இடத்தில் திறந்திருந்தது. முதலில் ஒன்றுமே இல்லை, வெள்ளையாக இரண்டு கீற்று. பிறகு கீற்றுகள் சிவந்தன, நிறைந்தன, வழிந்தன. மேஜை விரிப்பில் ஒரு சொட்டு விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அவர் மூன்றாவது தடவையாக விரலைக் கொண்டுபோனார். பேச்சை நிறுத்தவில்லை. ஆடு எத்தனை கிலோ வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமா, ரத்தம்" என்றான் ஜாவித்.

அவர் குனிந்து பார்த்தார். மேஜையின்மேல் யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல அந்த விரலைக் கொஞ்சநேரம் பார்த்தார். எதிர்க் கூடத்தில் உளி நின்றிருந்தது. சிவப்புத் துணிப்பை ஒன்றை இழுத்து விரலைச் சுற்றித் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடியும் ஊறியது.

"இன்னா ரத்தம்? துணி சாயம். இந்தச் செவப்பு நிக்கறதே இல்ல."

அவர் கத்தியை மடக்கினார், மடக்கும்போது கைப்பிடிக்குள் விளிம்பு நேராகப் போகிறதா என்று கண்ணால் பார்த்துப் பார்த்து மடக்கினார். விரல்களால் அது தெரியவில்லை என்று இப்போது ஜாவித்துக்குப் புரிந்தது. வெல்வெட்டில் சுருட்டித் திருப்பிக் கொடுத்தவர், அவன் வாங்கும்போது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி தேவைக்கு மேல் இறுக்கமாக இருந்தது. எவ்வளவு இறுக்கம் என்பது அவருக்குத் தெரியாது. முதல் தடவையாகக் குரலை இறக்கிப் பேசினார்.

"இந்தக் கையால எத்தினி புள்ளைங்களுக்கு எடுத்துகிறேன். ஒண்ணுத்துக்கும் ஒரு கீறல் பட்டதில்ல, தெரியுமில்ல? இன்னும் நல்லா தீட்டு. நாளைக்குக் காலைல நேரா உங்க வூட்டுக்கு வந்துடறேன். உங்க அக்கா எங்க வூட்ல நல்லா கீறா ஜாவித். அப்பிடியே இருக்கணும்."

கையை விட்டார். மணிக்கட்டில் ஈரமாக ஒரு விரல் தடம் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக் குழாயில் அதைக் கழுவினான்.

திரும்பும் வழியெல்லாம் அவன் வேலைக்காரனாகத்தான் யோசித்தான், மைத்துனனாகவோ சம்பந்தி வீட்டுப் பையனாகவோ யோசிக்கத் துணிச்சல் இல்லை. கண்ணாடி விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், கூர் செத்துவிடும். காலை முழுக்கச் செய்த வேலை ஒரு நொடியில் ஒன்றுமில்லாமல் போய்விடும். மழுங்கின கத்தி முடியை எடுக்காது. எடுக்காவிட்டால் அவர் அமுக்குவார். அழுத்தம் எவ்வளவு என்று தெரியாத கை, எடுக்கிறவரை அமுக்கும். அதைவிடக் கூராக இருப்பதே மேல். ஆனால் கூராக இருந்தால், பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் தடவையும் இழுப்பார். கல், கண்ணாடி, தோல்வார், தனக்குத் தெரிந்த ஒவ்வொன்றையும் மனசுக்குள் எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தான். கத்தியில் செய்வதற்கு இனி ஒன்றும் பாக்கி இல்லை. காணாமல் போய்விட்டது என்று சொல்லலாமா? குடும்பக் கத்தியைத் தொலைத்த வீட்டிலிருந்து வந்தவள் என்று அர்வாவை அந்த வீட்டில் எத்தனை வருஷம் சொல்வார்கள். மார்க்கத்தில் யார் வேண்டுமானாலும் முடி இறக்கலாம், பெரியவர்தான் இறக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அது அவர் வீட்டுப் பழக்கம். தன் அத்தா உயிரோடு இருந்தால் அதை அவரிடம் போய்ச் சொல்லியிருப்பார். இப்போது இந்த வீட்டில் ஆம்பிளை என்று இருப்பது இவன்தான்.

வீடு சேர்ந்தபோது கொளவாய் ஏரிப் பக்கமிருந்து காற்று வர ஆரம்பித்திருந்தது. வாசலில் பந்தல்காரர்கள் கடைசிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் அர்வா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் இன்னும் பெயர் வைக்காத பிள்ளை. ஜாவித் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னான். கடையில் நடந்ததைச் சொன்னான், விரலைச் சொன்னான். மணிக்கட்டைச் சொல்லவில்லை.

அவள் அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தான். அவள் பிள்ளையின் சட்டை முடிச்சைச் சரிசெய்தாள்.

"உனக்கு இப்பத்தான் தெரியுமா?"

போன ரமலானில் ஒருநாள் சாயங்காலம் அவர் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தாராம். அந்தத் தெரு முழுக்கச் சிலை செதுக்கின கல் சில்லு கொட்டிக் கிடக்கும். ஒரு சில்லு குதிகாலில் ஏறியிருக்கிறது. வாசலிலிருந்து கூடம், கூடத்திலிருந்து தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்கிற இடம் என்று தரையெல்லாம் சிவப்பாகக் கால் பதித்துக்கொண்டு, நோன்பு திறக்க பேரீச்சம்பழம் எங்கே என்று கேட்டுக்கொண்டே நடந்தாராம். சர்க்கரை வியாதி. கைகால் நுனியெல்லாம் மரத்துவிட்டது. அர்வா ஈரத்துணி எடுத்துத் தரையைத் துடைத்தாள். போனில் கணவனிடம் சொன்னபோது, யாரிடமும் பேசாதே, அத்தா மனசு உடைந்துவிடும் என்றான். அதிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அவருக்கே தெரியாதுன்னு நெனச்சியா? தெரியும்டா. அதான் அம்மாஞ் சத்தமா பேசறாரு."

"தெரிஞ்சி எப்பிடிக்கா ஒத்துக்கின?"

"நான் எங்க ஒத்துக்கின? என்ன யாரு கேட்டா?" அவள் குரல் உயரவில்லை. அடுப்படியில் பெண்கள் எதற்கோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். "தாய்மாமன் மடியிலதான் புள்ளைய வெப்பாங்க. தலையப் புடிக்கப்போறது நீ. அவரு உக்காந்து கத்தியத் தொறக்கறப்ப நீ கேளு. மாமா, என்கிட்ட குடுங்க, நான் எடுக்கறேன்னு கேளு. தனியா கேக்காத, ஏமாத்திடுவாரு. எல்லாரும் இருக்கறப்ப கேளு."

"தரலன்னா?"

அர்வா குனிந்து பிள்ளையைத் தூக்கினாள், கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி, அவன் மடியில் வைத்தாள். தானும் நாளை இப்படித்தான் கொண்டுவந்து வைக்கப்போகிறவள் என்பது போல, வைத்துவிட்டு ஓர் அடி தள்ளி நின்று பார்த்தாள்.

ஜாவித் அதுவரை குழந்தையைத் துணியோடுதான் தூக்கியிருந்தான். தலையைத் தனியாகப் பிடித்ததில்லை. இடதுகையைக் கொண்டுபோய் உச்சியில் வைத்தான். கருகருவென்று நிறைய முடி, அதன் அடியில் எலும்பு சேராத பள்ளம், பள்ளத்துக்குள் ஏதோ ஒன்று அவன் உள்ளங்கையைச் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால் கேட்பது என்றால், அவருடைய கை போய்விட்டது என்று எல்லோருக்கும் முன்னால் சொல்வது. கடைசி நேரத்தில் கேட்காமல் இருந்துவிட்டால்? டேப் விஷயத்தைக்கூட அவன் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. விரல்களை அகலமாக விரித்துப் பார்த்தான். நெற்றிப் பக்கம் மூடினால் பின்பக்கம் திறந்திருந்தது. பின்பக்கம் இறக்கினால் காதோரம் தெரிந்தது. எப்படி வைத்தாலும் கையைவிடத் தலை ஒரு விரல் பெரியதாகவே இருந்தது. பிள்ளை கண்ணைத் திறக்காமல் கொட்டாவி விட்டது. பந்தலில் யாரோ விளக்கைப் போட்டார்கள். ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் அவன் விரல் இடுக்குகளில் தெரிந்த மென்மையான தோலின்மேல் கோடு கோடாக விழுந்தது.

வகுப்புக்கு அன்று அவன் போகவில்லை. நோட்டை எடுத்து எழுதினான்.

14-8-1999, சனி. கத்தி சரியாக இருக்கிறது. இதற்குமேல் தீட்டத் தேவையில்லை, தீட்டவும் மாட்டேன். நாளைய வேலை: மாமாவிடம் கத்தியைக் கேட்பது. அவர் தராவிட்டால், முடிகிறவரை இடதுகையைப் பிள்ளையின் உச்சியிலிருந்து எடுக்காமல் இருப்பது.